மழைத்தோட்டத்து அம்மன்

எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. மஹய்யாவையில் நிறைய வீடுகள் அப்படித்தான். ரோட்டில் நின்று பார்த்தால் கூரைத் தகரம்தான் தெரியும். படி இறங்கினால் வாசல். மழை பெய்தால் தண்ணீரும் அதே படியில்தான் இறங்கும்.

நான் கான் வெட்டுகிற வேலை செய்தவன். ரோட்டோரக் கானில் அடைத்துக் கிடப்பதை வெட்டி எடுத்து, தண்ணீரை ஓட விடுவது. அதைச் செய்தே வயது போய்விட்டது. ஊர்த் தண்ணீரை ஓட விட்டவனுக்குச் சொந்த வாசல் தண்ணீரை ஓட விட முடியவில்லை. என் வீட்டுக்கு அப்பால் தண்ணீர் போக இடமில்லை. சுவர்தான்.

போன வருடம் என் வீட்டுக்காரிக்குப் பாரிசவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. வாய் கொஞ்சம் கோணிக்கொண்டது. பேச்சு வரும், மெதுவாக வரும். முன் அறையில் வாசலைப் பார்த்து அவளுக்குக் கட்டில் போட்டேன். கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினேன்.

ஒரு நாள் பின்னேரம் பாண் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். அதற்குள் கொட்டிவிட்டது. ஓடி வந்து பார்த்தால் முன் அறையில் தண்ணீர் கணுக்காலுக்கு மேல். என் செருப்பு மிதந்துகொண்டிருந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்து, நல்ல கையால் கெட்ட காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவா வாங்க," என்றாள். "வழுக்கும்."

மறுநாள் மகள் வந்தாள். அவளை மடுல்கெல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ தண்ணி உள்ள வந்துச்சுன்னா நான் அம்மாவ கூட்டிட்டு போயிருவேன்ப்பா. நீங்க என்னா சொன்னாலும் கேக்க மாட்டேன்."

அவள் சொன்னதில் தப்பில்லை. அவர்கள் லயம், தோட்டத்து வரிசை வீடு, மேட்டில் இருக்கிறது. ஆனால் இருப்பது இரண்டு அறை. மாமியார், மாமனார், பிள்ளைகள். அம்மாவைப் படுக்க வைக்க ஒரு மூலை கிடைக்கும். எனக்கு இடம் இல்லை. கை கால் அசைக்கப் பழக்குகிற கிளினிக்கும் இங்கேதான். அங்கிருந்து வருவதென்றால் பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும்.

மகள் போனபிறகு என் வீட்டுக்காரி சொன்னாள். "கூடய எறக்கி வச்சுட்டு ஒங்க பின்னாடி வந்தவ நான். திரும்ப தோட்டத்துக்கு ஏற மாட்டேன்."

தேயிலைக் கொழுந்து பறித்த கூடையைச் சொன்னாள். அவளுக்குத் தேநீர் ஆற்றிக் கொடுத்தேன்.

எங்கள் படிக்கு மேலே ரோட்டை ஒட்டி ஒரு நீளத் துண்டு நிலம் இருந்தது. குப்பை போடுகிற இடம். ஒரு நாள் அங்கே ஆட்கள் வந்து குழி வெட்டினார்கள். வேலையைப் பார்த்துக்கொள்ள ஒரு மிஸ் வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. சப்பாத்தில் சேறு ஒட்டினாலும் பார்க்காமல் குழிக்குள் இறங்கி நின்றார்.

புதுக் கான் போடுகிறார்கள் என்று நினைத்து நானும் போய் நின்றேன். அடியில் பெரிய கல் போட்டார்கள், மேலே சின்னக் கல், மணல், அதற்கு மேலே இளக்கமான மண். ரோட்டு விளிம்புக் கல்லை ஓரிடத்தில் உடைத்து வாய் மாதிரித் திறந்துவிட்டார்கள். சிமெந்து எங்கும் இல்லை.

"இது என்னா கான் மிஸ்? அடி பூசல்லயே."

"கான் இல்லை ஐயா. ரோட்டுத் தண்ணி அந்த வாயால இதுக்குள்ள இறங்கும். கொஞ்ச நேரம் நிண்டு, பிறகு மண்ணுக்குள்ள போயிடும்."

"தண்ணிய நிக்க விடுறதா? நாங்க காலம் பூரா நிக்காமத்தானே ஓட்டுனோம்."

"ஓட்டின தண்ணி எங்க போனது ஐயா?"

"கீழ."

"கீழ ஆர் இருக்கினம்?"

நான் என் வீட்டுக் கூரையைப் பார்த்தேன். "நாங்கதான்," என்றேன்.

மிஸ் சிரிக்கவில்லை. கையில் இருந்த செடியை என்னிடம் கொடுத்து, "இதைப் பிடியுங்கோ" என்றார். வசம்பு. அன்று பின்னேரம் வரை நானும் நட்டேன். கல்வாழை, சேம்பு, வெட்டிவேர், வல்லாரை. வெயிலிலும் சாகாது, தண்ணீரிலும் சாகாது என்று பார்த்து எடுத்த செடிகள் என்றார். தண்ணீர் தேங்கினால் கடிக்கிற நுளம்பு வருமே என்று பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள். தண்ணீர் மறுநாளே வற்றிவிடும், அதற்குள் நுளம்பு பொரிக்காது என்று அவளுக்கும் பொறுமையாகச் சொன்னார்.

கடைசியில் மூன்று மொழியில் ஒரு போர்டு நட்டார்கள். நான் வீட்டுக்குள் வந்ததும் என் வீட்டுக்காரி கேட்டாள்.

"என்னா போர்டு?"

"மழைத்தோட்டம்னு போட்டிருக்கு."

"தோட்டமா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். "நம்ம வாசல்லயா? எந்தத் தொர? பெரட்டு எத்தன மணிக்கு?"

தொர என்றால் தோட்டத்தை நடத்துகிறவர்; பெரட்டு என்றால் காலையில் கொம்பு ஊதி வேலைக்கு ஆள் எடுப்பது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்தக் கொம்புச் சத்தம் காதை விட்டுப் போகாது. சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. நோய் வந்தபிறகு அன்றுதான் சிரித்தாள். நான் வெளியே போய் அந்தப் போர்டை இன்னொரு தரம் வாசித்துவிட்டு வந்தேன்.

மிஸ்ஸிடம் சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. "எங்கட ஊரில தோட்டம் எண்டா வெங்காயமும் மிளகாயும்தான் ஐயா," என்றார். விளக்கிச் சொன்னபிறகு அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அடுத்த முறை வந்தபோது படியில் நின்றுகொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அம்மா, பெரட்டுக்கு வரேல்லையோ?"

"சொகமில்ல தொரசானி," என்றாள் இவள். "பேர போட்டுக்குங்க."

முதல் மழை வந்தபோது நான் படியில் நின்றேன். ரோட்டில் தண்ணீர் வழக்கம்போலப் பழுப்பாக இறங்கி வந்தது. வாயைக் கண்டதும் திரும்பியது. உள்ளே போனது, நிரம்பியது, நின்றது. என் படிக்கு வந்தது கூரையில் இருந்து சொட்டியது மட்டும். மறுநாள் காலையில் பார்த்தால் குழியில் தண்ணீர் இல்லை. ஈரம்தான்.

செடிகள் பிடித்துக்கொண்டன. கல்வாழை பூத்தது. அவள் படுத்திருக்கும் இடத்தில் இருந்து பார்த்தால் வாசல், படி, படிக்கு மேலே கல்வாழைப் பூவும் ஒரு துண்டு வானமும் தெரியும். அந்தத் துண்டில் என்ன வந்தாலும் எனக்குச் சொல்லுவாள். தட்டான் வந்தது. மஞ்சள் வண்ணாத்திப் பூச்சி வந்தது. மழை விட்டதும் தவளை கத்தியது. ஒன்று படியில் குதித்து இறங்கி, வாசற்படியில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. விரட்ட வேண்டாம் என்றாள்.

கழுத்தை இடது பக்கம் திருப்பிப் பழக வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். நான் சொன்னால் செய்யமாட்டாள். வலிக்குது என்பாள். ஒரு நாள் தேன்சிட்டு ஒன்று வலது பக்கப் பூவில் இருந்து இடது பக்கப் பூவுக்குத் தாவியது. அவள் கழுத்து கூடவே போனது. நான் கறி வெட்டிக்கொண்டிருந்தேன். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். சொன்னால் நிறுத்திவிடுவாள்.

குப்பைதான் நிற்கவில்லை. பழகின கை. பஸ்ஸுக்குப் போகிறவர்கள் பையைக் கட்டி எறிந்துவிட்டுப் போவார்கள். மடவளையில் இருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டு வரும் முஸ்லிம் நானா, பெட்டி கழுவின தண்ணீரை அதற்குள்தான் ஊற்றுவார். பை வந்து வாயை அடைத்தால் தண்ணீர் உள்ளே போகாது. காலையில் எழுந்து நான் பொறுக்குவேன். சொல்லியும் பார்த்தேன். எவனும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரிக்கு நல்ல கூட்டு. நான் இல்லாத நேரம் வந்து முகம் துடைத்துவிடுகிறவள், தலை பின்னிவிடுகிறவள்.

"நீங்க சொன்னா எவன் கேப்பான் அண்ணே," என்றாள். "கேக்க வைக்கிற ஆளு ஒண்ணு இருக்கு."

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தேன். வாய்க்கு நேரே, செடிக்கு நடுவில், மஞ்சள் பூசிய கல் ஒன்று நின்றது. குங்குமப் பொட்டு. சின்னச் சிவப்புத் துணி. மாரியம்மன்.

அன்றோடு குப்பை நின்றது. மூன்று மொழியில் எழுதிப் போட்டுக் கேட்காதவர்கள் ஒரு கல்லுக்குக் கேட்டார்கள். ஆட்டோக்காரர்கள் அந்த இடத்தில் வெற்றிலை துப்புவதை விட்டார்கள். மீன் நானா பெட்டியைத் தள்ளிக் கொண்டுபோய்க் கழுவினார். "அடுத்தவங்க கும்புடுற எடத்துல மீன் தண்ணி ஊத்தலாமா அண்ணே," என்றார் என்னிடம். முதல் நாள் வரைக்கும் ஊற்றியவர்.

எனக்கும் சந்தோஷம். பொறுக்குகிற வேலை மிச்சம். பிறகு விளக்கு வந்தது. தேங்காய் உடைத்தார்கள். செவ்வாய் வெள்ளியில் பூ வைத்தார்கள். அதெல்லாம் நல்லதுதான்.

தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வந்து ஆட்டோவில் இருந்து அவளை இறக்கும்போதுதான் கண்டேன். அம்மனைச் சுற்றி அரைவட்டமாகச் சின்னச் சுவர் எழும்பியிருந்தது. அழகாகப் பூசி, மஞ்சளும் சிவப்புமாகப் பட்டை அடித்திருந்தார்கள். சுவரின் ஒரு முனை வாய்க்கு இந்தப் பக்கம் ரோட்டுக் கல்லைத் தொட்டது, மறுமுனை அந்தப் பக்கம். வாய் நடுவில் அகப்பட்டு மூடிவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரியின் தம்பி மேசன் பாஸ். கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"எப்பிடிண்ணே வேல?"

"வேல நல்லாத்தான் இருக்கு. தண்ணி எப்பிடி உள்ள போவும்?"

"சாமிக்கு என்னாத்துக்குண்ணே ரோட்டுத் தண்ணி?"

"சாமிக்கு இல்ல. தோட்டத்துக்கு."

"தோட்டத்துக்கு மேல இருந்து பெய்யுமே."

அவன் அக்கா வந்தாள். "பாக்க சகிக்கலண்ணே. ரோட்டுல போற டீசலு, எச்சி, நாய் அசிங்கம், எல்லாம் மழயோட வந்து அவ கால்ல விழுது. கும்புடுற நம்மளுக்கே பாவம் இல்லயா?"

அந்த அழுக்குத் தண்ணீர் உள்ளே வரத்தான் அந்தக் குழியையே வெட்டினார்கள் என்று சொன்னேன். அவள் அம்மனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வேற எடத்துல ஒரு ஓட்ட போடச் சொல்லுங்க," என்றாள்.

மிஸ்ஸுக்குப் போன் செய்தேன். தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தார். "ஐயோ, ஐயா! திங்கட்கிழமை வாறன். ஒருத்தரோடையும் சண்டை பிடிக்காதேங்கோ," என்றார்.

சண்டை பிடிக்க நான் ஆள் இல்லை. அந்தச் சுவரை உடைக்கவும் ஆள் இல்லை. கல்லை உடைத்திருக்கிறேன், கொங்கிறீட்டை உடைத்திருக்கிறேன். சாமிக்குக் கட்டியதில் கை வைக்க எனக்கும் பயம்தான். ஏற்கெனவே வீட்டில் ஒருத்தி படுத்துக் கிடக்கிறாள். மணல் மூட்டை கட்டி வாசலில் அடுக்கினேன். வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அந்த நீலச் சேலய எடுத்து மேல வைங்க," என்றாள் பின்னேரம்.

"எதுக்கு?"

"மக வந்து கூட்டிட்டு போனா, கட்டிக்கிட்டு போவ ஒண்ணு வேணும்ல."

நான் எடுத்து வைக்கவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு ஹந்தானை மலைப் பக்கம் கறுத்தது. இடி இறங்கியது. பிறகு மழை. ரோட்டுத் தண்ணீர் வாய்க்கு வந்தது, புதுச் சுவரில் முட்டியது, திரும்பியது. நேராக என் படி. மணல் மூட்டைக்கு அடியில் கசிந்தது. பிறகு மேலால் வழிந்தது.

மூலையில் இருந்த, கல் உடைக்கிற இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். பக்கத்து வீட்டுக்காரி எனக்கு முன்னாலேயே அங்கே நின்றாள். குடை பிடித்திருந்தாள். தனக்கு இல்லை, அம்மனுக்கு. அவள் தலை முழுக்க நனைந்து ஒழுகியது.

"வேணாண்ணே. கை வச்சா குடும்பத்துக்கு ஆவாது."

நின்றேன். அலவாங்கைத் தூக்கினால் தூக்கிய இடத்தில் கை நின்றது. கீழே வாசலுக்குள் தண்ணீர் போவது தெரிந்தது.

அப்போது வீட்டுக்குள் இருந்து சத்தம் வந்தது. நோய் வந்தபிறகு அவள் சத்தம் போட்டதே இல்லை. சொல் உடைந்து உடைந்துதான் வந்தது. எங்களுக்கு விளங்கியது.

"அடியே! அவ பேரு என்னாடி?"

"யாரு பேரு அண்ணி?"

"ஒன் சாமி பேரு!"

"மாரியாத்தா அண்ணி!"

"மாரின்னா என்னா?"

பக்கத்து வீட்டுக்காரி அம்மனைப் பார்த்தாள். மழை அவள் முகத்தில் ஓடியது.

"சொல்லேன்டி!"

"மழ, அண்ணி."

"மழைக்கா கொட பிடிக்கிற, லூசு! மழ தா தாயேன்னு கும்புடுறது. வந்தா, அவ வாசல்லயே செவுரு வச்சு மறிக்கிறது!"

குடை மெதுவாக இறங்கியது. பக்கத்து வீட்டுக்காரி அதை மடக்கினாள். கல்லைத் தொட்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஒடைங்கண்ணே," என்றாள். "பாத்து. அவ மேல படாம."

சிமெந்து இன்னும் இறுகவில்லை. அலவாங்கு போட்டதும் பிட்டு மாதிரி உதிர்ந்தது. தண்ணீர் உடனே திரும்பி உள்ளே பாய்ந்தது. பழுப்புத் தண்ணீர், இலை, பொலித்தீன், எல்லாம் அம்மன் காலைக் கழுவிக்கொண்டு போனது. பக்கத்து வீட்டுக்காரி குழிக்குள் இறங்கி, அடைத்த கற்களைக் கையால் எடுத்துப் போட்டாள். "மன்னிச்சுக்க தாயே, மன்னிச்சுக்க தாயே" என்று சொல்லிக்கொண்டே போட்டாள்.

நான் கீழே வந்தேன். முன் அறை முழுக்க மெல்லிசாகத் தண்ணீர் பரவியிருந்தது. அவள் தொங்கப் போட்டிருந்த காலின் விரல் நுனி நனைந்திருந்தது.

"உள்ள வந்துருச்சு," என்றேன்.

"தெரியுது," என்றாள். அந்தச் சத்தம் போட்டதில் களைத்துப்போயிருந்தாள். அவள் காலைத் துடைத்துக் கட்டிலில் தூக்கி வைத்தேன். பிறகு தரையைத் துடைத்தேன்.

மறுநாள் மகள் பலகாரத்தோடு வந்தாள். உள்ளே வந்ததும் மூக்கைச் சுளித்தாள். ஈர வாடை.

"தண்ணி வந்துச்சாப்பா?"

"வந்துச்சு."

"எட்டிப் பாத்துட்டு போயிருச்சு," என்றாள் இவள் கட்டிலில் இருந்து.

மகள் சிரிக்கவில்லை. அலுமாரியைத் திறந்து அம்மாவின் துணிகளை வெளியே எடுத்துக் கட்டிலில் வைத்தாள். ஒவ்வொன்றாக மடித்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள். "மகளே, தப்பு எங்க மேலதான். தண்ணி போற வழிய நாங்கதான் அடச்சோம்," என்றாள். மகள் தலையை ஆட்டினாள், மடித்துக்கொண்டே இருந்தாள். நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். மகள் சொன்ன வார்த்தை சொன்ன வார்த்தை. தண்ணீர் வந்தது உண்மை.

ஐப்பசி மழை யாருக்காகவும் பார்ப்பதில்லை. மகள் மடித்து முடிக்குமுன் மறுபடி பிடித்துக்கொண்டது. முதல் நாளைவிடப் பலமாக. மகள் பதறி எழும்பினாள். "அப்பா, அம்மா கால தூக்குங்க!" என்று கத்திவிட்டு வாசலுக்கு ஓடினாள். கையில் நீலச் சேலை இருந்தது.

அங்கேயே நின்றாள். நான் எழும்பிப் போய் அவள் பக்கத்தில் நின்றேன். மேலே ரோட்டுத் தண்ணீர் வந்தது, உடைந்த சுவர் வழியாகத் திரும்பியது, செடிக்குள் போனது. வசம்பும் கல்வாழையும் பாதி முங்கி ஆடின. படியில் மழைத்துளி மட்டும் விழுந்து தெறித்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மழை குறைகிற வரைக்கும் நகரவில்லை. வாசற்படி ஈரமானது, தண்ணீர் உள்ளே வரவில்லை.

பிறகு உள்ளே போனாள். சேலையை அலுமாரிக்குள் வைத்தாள். மற்றத் துணிகளையும் ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கினாள். அவள் அம்மா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இடது பக்கம்.

"மழ பேஞ்சா நான் போன் பண்ணுவேன்," என்றாள் மகள், எங்கள் இருவரையும் பார்க்காமல். "எடுக்கணும். எடுக்கலன்னா அடுத்த பஸ்ல வந்துருவேன்."

திங்கட்கிழமை மிஸ் வந்தார். உடைந்த சுவரைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். அம்மனை மேல் வரம்பில், தண்ணீர் ஏறாத இடத்தில் வைக்கலாமா என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் மரியாதையாகக் கேட்டார். அவள் பூப் போட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். மேசன் பாஸ் அங்கே ஒரு சின்னப் பீடம் கட்டிக் கொடுத்தான். இந்த முறை கட்டுவதற்கு முன்னால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டுவிட்டுக் கட்டினான்.

இப்போது இங்கே மழை பிடித்தால் போன் அடிக்கிறது. மடுல்கெல்லையில் வெயிலாக இருந்தாலும் மகளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

"தண்ணி எங்கப்பா நிக்குது?"

"தோட்டத்துல."

"வாசல்?"

"காஞ்சு கெடக்கு."

"அம்மா என்னா பண்றாங்க?"

அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். போனை அவள் காதில் வைக்கிறேன். ஒரு கையால் தட்டிவிடுகிறாள்.

"வைடி போன," என்கிறாள். "மழய பாக்க விடு."